ஸ்டாண்டர்டு ஹெரால்டு: கிளட்ச் ஆயில் ஒழுகுது. மேல் சிலிண்டரா, கீழ் சிலிண்டரா?

#1 கோரிப்பாளையம்_ஹெரால்டு

எல்லாருக்கும் வணக்கம். வண்டி நாலு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், 948 சிசி. நாலு நாளைக்கு ஒருமுறை கிளட்ச் டப்பாவில் ரெண்டு விரல்கடை ஆயில் இறங்குது. காலையில் முதல் மிதி பொத்துனு தரைக்குப் போகுது, மூணு தடவை பம்ப் பண்ணினால் ஏறுது. ரிவர்ஸ் போட்டால் கரகரனு பல் உரசுற சத்தம். கியர்பாக்ஸ் நேர்கீழே தரையில் ஒரு ரூபாய் காசு அளவுக்குச் சொட்டு. பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கித்தான் பார்க்கணும்னு சொல்றாங்க. உண்மையா?

#2 வைகைக்கரை

கியர்பாக்ஸ்ல கை வைக்க விடாதீங்க தம்பி. பெடல் பக்கம் ஆயிலைத் தள்ளுறது மேல் சிலிண்டர் (மாஸ்டர்), அந்த ஆயிலால நகர்ந்து கிளட்சை விடுவிக்கிறது கீழ் சிலிண்டர். ஹெரால்டுல கீழ் சிலிண்டர் பெல் ஹவுசிங்குக்கு (கிளட்சை மூடியிருக்குற கூடு) வெளியில இருக்கு. புது வண்டிகள்ல பேரிங்கோட சேர்ந்து உள்ளுக்குள்ள வர்ற வகை இது இல்ல. சீட்டு நடுவுல இருக்குற கியர்பாக்ஸ் மூடியை (அட்டை மூடி, சுத்தி போல்ட்டு) எடுத்தா கை எட்டும்.

அதுக்கு முன்னாடி, சொட்டுறது என்ன ஆயில்னு தெரிஞ்சுக்கணும். ஸ்டாண்டர்டு இன்ஜின்ல பின்பக்கம் கிராங்குக்கு ரப்பர் சீல் கிடையாது, மரை வெட்டின மாதிரி ஒரு ஸ்க்ரோல் மட்டும்தான். அதுவழியா இன்ஜின் ஆயில் கொஞ்சம் கசிஞ்சு பெல் ஹவுசிங் அடியில வந்து நிக்கிறது இந்த வண்டிக்குப் பிறவிக்குணம். கியர் ஆயிலும் அதே இடத்துலதான் சொட்டும். மூணையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

கண்ணாடி டம்ளர்ல தண்ணி எடுத்து, அந்தச் சொட்டை ஒரு குச்சில தொட்டு விடுங்க. கரைஞ்சு காணாமப் போனா அது கிளட்ச் ஆயில். மேல மிதந்து வானவில் கட்டினா இன்ஜின் ஆயிலோ கியர் ஆயிலோ. கியர் ஆயில்னா கந்தக நெடி மூக்கைப் பிடிக்கும்.

அப்புறம் டிரைவர் பக்க மிதியடியைத் தூக்கிட்டு, பெடல் தொங்குற பெட்டிக்குள்ள விரலை விட்டுப் பாருங்க. பிசுபிசுப்பு இருக்கா? பெயின்ட் கொப்பளிச்சு உரியுதா? அப்படி இருந்தா மேல் சிலிண்டர் காலி. கடைசியா கீழ் சிலிண்டரோட ரப்பர் தொப்பியை ஸ்க்ரூடிரைவர் நுனியால லேசா விலக்குங்க. உள்ளே ஈரம் இருக்கவே கூடாது.

#3 கோரிப்பாளையம்_ஹெரால்டு

மூணும் செய்து பார்த்தேன் அண்ணே. சொட்டு தண்ணியில் கரைஞ்சிருச்சு. பெடல் பெட்டியில் பெயின்ட் சுருண்டு தோல் மாதிரி வருது. கீழ் சிலிண்டர் தொப்பியை விலக்கினதும் கறுப்பா ஒரு டீஸ்பூன் அளவு கொட்டுச்சு. ரெண்டுமே போச்சா?

#4 லேத்துப்பட்டறை (கே.புதூர்)

ரெண்டும் போயிருக்கு. ஒண்ணை மட்டும் மாத்தினா அடுத்த மாசம் மற்றது போகும்னு சொல்வாங்க. அது சரிதான், ஆனா “புது மாஸ்டர் பிரஷர் கூடக் குடுக்கும், அதனாலதான்”னு சொல்ற காரணம் தப்பு. கிளட்ச் தட்டை அழுத்துற ஸ்பிரிங் மாறலையே, பிரஷர் எங்கிருந்து கூடும்? மேல் சிலிண்டர் ஒழுகுற காலம் முழுக்க கீழ் பிஸ்டன் பாதி தூரம்தான் போய்ட்டு வருது. மிச்ச தூரத்துல துளை சுவர்ல துரு படியும். மேல புதுசு போட்டதும் பிஸ்டன் முழுத் தூரம் போகும், அந்தத் துரு மேட்டுல சீல் உதடு உரசிக் கிழியும். கீழ் சிலிண்டரைத் திறந்து பார்த்தீங்கன்னா பளபளனு இருக்குற இடமும் பழுப்பு இடமும் கோடு போட்ட மாதிரி பிரிஞ்சு தெரியும்.

ரெண்டையும் ஒரே நாள்ல கழட்டுங்க.

#5 திருமங்கலம்_கராஜ்

மேல் சிலிண்டரைக் கழட்டும் முறை. வரிசையை மாத்த வேண்டாம்.

பானெட் முழுசா முன்னால் சாயும் வண்டி என்பதால் வேலை சுலபம். முதலில் டப்பாவில் உள்ள ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். சிலிண்டர் அடியிலும் சுற்றியுள்ள பெயின்ட் மேலும் ஈரத்துணி விரியுங்கள், பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் வையுங்கள். இந்த ஆயில் பெயின்ட்டைத் தின்னும். சிந்தினால் துடைத்துத் தேய்க்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

பைப் நட்டைக் கழட்டும்போது திறந்த வாய் ஸ்பானரை நம்பாதீர்கள். முனை உருண்டுவிடும். பைப் நுழைய வெட்டு உள்ள ரிங் ஸ்பானர் வேண்டும். இந்த வண்டியில் எல்லாம் அங்குல அளவு. 7/16 அங்குல நட்டுக்கு 12 மி.மீ. போட்டால் உருட்டிவிடும். 1/2 அங்குலத்துக்கு மட்டும் 13 சுமாராகப் பிடிக்கும்.

பெடலையும் தள்ளுதண்டையும் சேர்க்கும் பின்னை எடுத்துவிட்டு, சிலிண்டரைப் பிடித்திருக்கும் ரெண்டு போல்ட்டையும் கழட்டினால் கையோடு வந்துவிடும். பின்னைத் தூக்கிப் போடாமல் வெளிச்சத்தில் பாருங்கள், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ரப்பர் தொப்பி, சர்க்ளிப், தண்டு என்ற வரிசையில் வரும். உள்ளே உள்ள பிளஞ்சர் தானாக வராது. பைப் துளை வழியாகக் காற்றடியுங்கள், ஆனால் கம்ப்ரசரை முழு வேகத்தில் திறக்காதீர்கள். துணியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பிளஞ்சர் சுவரில் போய் அடிக்கும்.

#6 மேலூர்க்காரன்

டீசல்ல கழுவி, கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டினா போதும். பழைய டிரைவருங்க விளக்கெண்ணெய் ஊத்தியே ஓட்டியிருக்காங்க.

#7 லேத்துப்பட்டறை (கே.புதூர்)

அண்ணே, விளக்கெண்ணெய்ல ஒரு நியாயம் இருக்கு. கிளட்சுக்கும் பிரேக் ஆயில்தான் ஊத்துறோம், அந்தக் காலத்து பிரேக் ஆயிலே விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்ததுதான். அது தாவர எண்ணெய், ரப்பரை ஒண்ணும் பண்ணாது. இப்ப வர்ற டாட் 3, டாட் 4 கிளைக்கால் வகை. அதோட விளக்கெண்ணெயைக் கலந்தா என்ன ஆகும்னு சோதிச்சுப் பார்க்குற இடம் கிளட்ச் இல்ல.

ஆனா டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய், சாதா கிரீஸ் எதுவும் இந்த சீல் பக்கம் வரக்கூடாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டா ரப்பர் ஊறி உப்பும். உப்பின சீல் துளைக்குள்ள இறுகி, பெடல் திரும்பி வராது. கழட்டிப் பார்த்தா புது சீல் பழைய சீலைவிட ஒன்றரை மடங்கு தடிச்சு, கொழகொழனு இருக்கும். புது பிரேக் ஆயில்லயே கழுவுங்க, இல்லாட்டி ஸ்பிரிட்ல. மாட்டும்போது தடவ சிவப்பு ரப்பர் கிரீஸ்னு தனியா விக்குது, அது இல்லைனா பிரேக் ஆயிலே போதும்.

#8 வைகைக்கரை

மேல் சிலிண்டர் உள்ளே எப்படி வேலை செய்யுதுனு தெரிஞ்சா பாதிக் குழப்பம் தீரும். ஹெரால்டுல இருக்குறது கர்லிங் கம்பெனியோட சிவி வகை, அதாவது நடு வால்வு. டப்பாவிலேர்ந்து ஆயில் வர்ற துளை சிலிண்டரோட மூடின முனையில இருக்கு. பெடல் முழுசா மேல இருக்கும்போது ஒரு கம்பி இழுத்து அந்த வால்வைத் திறந்து வச்சிருக்கும். மிதிச்சதும் முதல் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்ல வால்வு மூடும், அதுக்கப்புறம்தான் அழுத்தம் ஏறும்.

இதனால ரெண்டு விஷயம். பிளஞ்சர் சீலுக்குப் பின்னால ஆயிலே கிடையாது, வெறும் காத்துதான். அங்க கசிஞ்சா நேரா உங்க கால் பக்கம் வரும், ஒளிஞ்சு கசிய இடமில்ல. ரெண்டாவது, வால்வு சீல் போனா வெளியில ஒரு சொட்டுகூட தெரியாது. ஆனா மிதிச்சுப் பிடிச்சா பெடல் மெதுவா இறங்கும். டப்பா மூடியைத் திறந்து வச்சு ஒருத்தரை மெதுவா மிதிக்கச் சொல்லுங்க. முதல் துளி நேரத்துக்கு மேல ஆயில் சுழிச்சு எழும்பிக்கிட்டே இருந்தா வால்வு சீல் மூடல.

பெடலுக்கும் தண்டுக்கும் நடுவுல சிறு தளர்ச்சி இருக்கணும்னு சொல்றதும் இதனாலதான். தண்டு எப்பவும் தள்ளிக்கிட்டே இருந்தா வால்வு திறக்காது, ஆயில் டப்பாவுக்குத் திரும்பாது, கிளட்ச் பிளேட் வழுக்க ஆரம்பிக்கும்.

#9 லேத்துப்பட்டறை (கே.புதூர்)

துளையைப் பத்தி. மேல் சிலிண்டர் 5/8 அங்குலம், அதாவது 15.87 மி.மீ. கீழ் சிலிண்டர் அளவை மேலே வார்த்த எண்ணைப் பார்த்து எழுதிக்கங்க. கடையில “ஹெரால்டு கிட்”னு கேக்காதீங்க, கடைக்காரர் தம்பிக்கு ஹெரால்டே தெரியாது. துளை அளவையும் சிவி வகைனும் சொல்லுங்க. பழைய சீலைக் கையோட கொண்டு போங்க, ஆனா பழசு உப்பியிருக்கும், அதை வச்சு அளக்க வேண்டாம்.

துளைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. கறுப்புக் கறை பரவாயில்ல. நகத்தால வருடுங்க, தட்டுதானு பாருங்க. தட்டலைனா 600 நம்பர் எமரியை பிரேக் ஆயில்ல நனைச்சு, குச்சில சுத்தி, சுத்திச் சுத்தித் தேயுங்க. நீளவாக்குல தேய்ச்சா கீறல் வழியாவே ஆயில் நழுவும். பத்து நிமிஷம் தேய்ச்சும் குழி போகலைனா நிறுத்திருங்க. மேல மேல தேய்ச்சா துளை பெருசாகும், எந்த சீலும் பிடிக்காது.

குழி இருந்தா ஸ்லீவ் போடலாம். துளையை 19 மி.மீ.க்கு போர் பண்ணி, பித்தளை இல்லைனா ஸ்டெயின்லெஸ் குழாயை இறக்கி, 15.87க்கு ரீம் பண்ணி ஹோன் பண்ணணும். ரெண்டு தப்பு எல்லா இடத்திலும் நடக்குது. ஒண்ணு, ஸ்லீவை வெறும் இறுக்கத்துல அடிச்சு இறக்குறது. ஸ்லீவுக்கும் வார்ப்புக்கும் நடுவுல ஆயில் ஊர்ந்து வெளிய வரும். சுத்தி ரீடெய்னர் பசை போடச் சொல்லுங்க. ரெண்டாவது, ஆயில் துளையைத் திரும்பப் போட்டுட்டு உள்பக்கப் பிசிறை எடுக்காம விடுறது. முதல் மிதியிலேயே புது சீல் கீறிடும்.

வேற வண்டி மாஸ்டரைப் போட்டுக்கலாமானு கேப்பாங்க. 3/4 அங்குலம் போட்டா ஒரே மிதிக்கு ஆயில் 44 சதவீதம் கூடத் தள்ளும், பெடலும் அதே கணக்குல கனக்கும். கோரிப்பாளையம் சிக்னல்ல அரை கிளட்ச்ல நிக்கும்போது முழங்கால் பேசும்.

#10 திருமங்கலம்_கராஜ்

மாட்டும்போது நிறையப் பேர் தவறுவது வால்வுப் பக்கம்தான். ஸ்பிரிங் முனையில் உள்ள தொப்பியின் சின்ன நாக்கைத் தூக்கினால்தான் பிளஞ்சரிலிருந்து பிரியும். கம்பியில் வரும் வரிசை: வால்வு சீல், குழிவான ஸ்பிரிங் வாஷர், கால் உள்ள இடைத்துண்டு, ஸ்பிரிங், தொப்பி.

வால்வு சீலின் தட்டையான பக்கம் வால்வுத் தலையோடு பொருந்த வேண்டும். வாஷரின் உப்பிய பக்கம் வால்வுத் தலையின் அடிப்பக்கத்தைத் தொட வேண்டும். இடைத்துண்டின் கால்கள் வால்வு சீலைப் பார்த்து இருக்க வேண்டும். வாஷரை மறந்து மாட்டினாலும் வண்டி ஓடும், ஆனால் வால்வு நேராக உட்காராமல் ஒருநாள் மூடும், ஒருநாள் மூடாது. அந்த வாஷர் தரையில் விழுந்தால் கண்ணில் படாது, வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள்.

பிளஞ்சர் சீலின் உதடு ஆயில் பக்கம், அதாவது ஸ்பிரிங் பக்கம் பார்க்க வேண்டும். கீழ் சிலிண்டரிலும் அப்படியே. சீலைத் துளைக்குள் விடும்போது உதடு மடியாமல் விரலால் சுற்றி அமுக்கி விடுங்கள், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். மாட்டிய பிறகு தொப்பியின் நாக்கைத் திரும்ப அமுக்க மறந்தால் மேஜை மேலேயே பிரிந்து வரும். அப்படி வந்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

#11 கோரிப்பாளையம்_ஹெரால்டு

மேல் துளை சுத்தம், எமரியிலேயே போயிருச்சு. கீழே குழி இருக்கு, ஸ்லீவுக்குக் குடுத்தாச்சு. ஒரு சந்தேகம்: பைப்பும் துருப்பிடிச்சிருக்கு. கடையில் புது பைப், நட்டோடு சேர்ந்தே கிடைக்குது. நட்டு ரெண்டு மரை ஏறி இறுகுது, ஸ்பானர் போட்டா போகும்போல.

#12 லேத்துப்பட்டறை (கே.புதூர்)

நிறுத்துங்க! ஸ்பானர் போடாதீங்க. அது பத்து மில்லி மெட்ரிக் நட்டு, மரை இடைவெளி 1 மி.மீ. உங்க வண்டியில 3/16 பைப்னா 3/8 அங்குல யூஎன்எஃப் (அங்குல அளவு நுண்மரை), அங்குலத்துக்கு 24 மரை, இடைவெளி 1.06 மி.மீ. ரெண்டும் கண்ணுக்கு ஒண்ணுபோலவே இருக்கும். 10 மில்லியை 9.5 மில்லித் துளையில திருகினா ரெண்டு மரை ஏறும், மூணாவதுல சிலிண்டர் மரையைச் சீவிரும். பைப் 1/4 அங்குலமா இருந்தா நட்டு 7/16 யூஎன்எஃப், 20 மரை.

புது பைப்போட வந்த நட்டை வெட்டி எறிஞ்சுட்டு, உங்க பழைய நட்டை மாட்டி, வாயை விரிச்சுக்கங்க. முனை எந்த வடிவம்னு பழைய பைப்பைப் பார்த்தே செய்யணும், வேற வடிவம் உட்காராது. வெறும் செம்புக் குழாய் வேண்டாம், அதிர்வுல இறுகி வெடிக்கும். செம்பு நிக்கல் கிடைச்சா அது, இல்லைனா ஸ்டீல்.

கீழ வர்ற ரப்பர் ஹோஸையும் மாத்திருங்க. பழசு உள்ளுக்குள்ள உப்பி, வழி குண்டூசித் துளையா ஆகிடும். அப்ப மிதிச்சா கிளட்ச் விடும், காலை எடுத்தா மெதுவாத்தான் பிடிக்கும். செம்பு வாஷரைப் புதுசா போடுங்க.

#13 கோரிப்பாளையம்_ஹெரால்டு

எல்லாம் மாட்டியாச்சு. டாட் 4 ஊற்றி, காத்து வெளியேற முக்கால் லிட்டர் வரை ப்ளீட் பண்ணிட்டோம். ஒழுகல் இல்லை. ஆனால் பெடல் பாதி வரை பஞ்சு மாதிரிதான் இருக்கு, ரிவர்ஸ் இன்னும் கரகரனுது.

#14 வைகைக்கரை

ஊகம் வேண்டாம், அளந்துருவோம். ஒருத்தர் மிதிக்கட்டும். ஸ்கேலை வச்சு மேல தண்டு எவ்வளவு நகருதுனு பாருங்க, கீழ தண்டு எவ்வளவு நகருதுனும் பாருங்க. உங்க கீழ் சிலிண்டர்ல என்ன எண் இருக்கு?

#15 கோரிப்பாளையம்_ஹெரால்டு

கீழ் சிலிண்டர் 7/8. மேலே 26 மி.மீ. நகருது, கீழே 8 மி.மீ. தான்.

#16 வைகைக்கரை

கணக்கு இப்படி. 5/8ஐ 7/8ஆல வகுத்து வர்க்கம் எடுத்தா 0.51. மேல 26 நகர்ந்தா கீழ 13.3 வரணும். வால்வு மூடுறதுக்கு முதல் ஒண்ணு ரெண்டு மில்லி வீணாகும், அதைக் கழிச்சாலும் 12க்கு மேல வரணும். உங்களுக்கு 8தான். மிச்சத்தைக் காத்து தின்னுது.

கீழ் சிலிண்டர்ல காத்து விடுற நிப்பிள் மேல பார்த்து இருக்கா, ஹோஸ் கீழ பார்த்து இருக்கா?

#17 கோரிப்பாளையம்_ஹெரால்டு

நிப்பிள் கீழே இருக்கு!

#18 வைகைக்கரை

அதான் பார்த்தேன். காத்து மேலதான் ஏறும். நிப்பிள் கீழ இருந்தா முக்கால் லிட்டர் என்ன, ஒரு டின் ஊத்தினாலும் அந்தக் குமிழி நகராது. சிலிண்டரைப் பிடிச்சிருக்கிறதைத் தளர்த்தித் திருப்பி, நிப்பிளை மேல கொண்டாங்க. கழட்டி வச்சிருக்கும்போது யாரும் பெடலை மிதிச்சுடக் கூடாது, பிஸ்டன் தெறிச்சு வந்துரும்.

இந்தத் தடவை கீழேர்ந்து மேல ப்ளீட் பண்ணுங்க. டப்பாவுல பாதியை உறிஞ்சு எடுத்திருங்க. 50 மில்லி சிரிஞ்ச்ல புது ஆயில் நிரப்பி, டியூப்ல காத்து இல்லாம நிப்பிள்ல சொருகி, நிப்பிளைத் திறந்து மெதுவா தள்ளுங்க. டப்பாவுல குமிழி வர்றது நின்னதும் நிப்பிளை மூடுங்க. பெடல் மேலேயே இருக்கணும், அப்பத்தான் வால்வு திறந்திருக்கும். வேகமா தள்ளினா டப்பா வழிஞ்சு பெயின்ட் போகும்.

#19 திருமங்கலம்_கராஜ்

பெடல் பின்னையும் இப்போதே பாருங்கள் என்று முன்பே சொல்ல நினைத்தேன். பின்னின் நடுவில் பள்ளம் விழுந்திருக்கும், பெடல் துளை முட்டை வடிவமாகி இருக்கும். பெடலைக் கையால் அசைத்து, தண்டு நகர ஆரம்பிக்கும் முன் எவ்வளவு வெற்றாகப் போகிறது என்று பாருங்கள். பெடலின் நெம்பு விகிதத்தால், பின்னில் 1 மி.மீ. தேய்மானம் பாதத்தில் பல மில்லிமீட்டராகத் தெரியும். இது ஒழுகல் கிடையாது, ஆனால் ஒழுகல் போலவே நடிக்கும். பின் விலை கொஞ்சம்தான். முட்டைத் துளையை வெல்டு வைத்து அடைத்துத் திரும்பத் துளையிட வேண்டும்.

#20 மேலூர்க்காரன்

சிலிக்கான் ஆயில் டாட் 5 போட்டா தண்ணி இழுக்காது, பெயின்ட் போகாதுனு சொல்றாங்களே?

#21 லேத்துப்பட்டறை (கே.புதூர்)

சொல்றது நெசம்தான். ஆனா டாட் 3, 4ஓட சேராது. ஒரு சொட்டு பழசு இருந்தாலும் ரெண்டும் தனித்தனியா நிக்கும். உள்ள நுழையுற ஈரமும் கரையாம கீழ் சிலிண்டர் அடியில தேங்கித் துருவாகும். பைப், சிலிண்டர் பூரா கழுவி, எல்லா சீலும் புதுசா போடுறப்ப மட்டும் யோசிக்கலாம். நாம இங்க டாட் 4 ஊத்தி, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா, ஐப்பசி மழைக்கு முன்னால மாத்திக்கிட்டா போதும். டாட் 5.1ங்கிறது வேற, அது கிளைக்கால்தான். எண்ணைப் பார்த்து ஏமாறாதீங்க.

#22 கோரிப்பாளையம்_ஹெரால்டு

நிப்பிளை மேலே திருப்பி சிரிஞ்சால் தள்ளினோம். முதல் சிரிஞ்சிலேயே டப்பாவில் சோடா மாதிரி பொங்குச்சு. இப்போ மேலே 26, கீழே 12.5. பின்னும் மாத்தியாச்சு. அழகர்கோவில் ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டி, ஒரு ராத்திரி அட்டை விரிச்சு நிறுத்தினதில் சொட்டு இல்லை. ரிவர்ஸ் மட்டும் உடனே போட்டால் லேசா ஒரு ‘கர்’.

#23 வைகைக்கரை

ரிவர்ஸ்க்கு சின்க்ரோ (பல் வேகத்தைச் சமமாக்குற அமைப்பு) கிடையாது தம்பி. மிதிச்சு மூணு நாலு வினாடி நிறுத்தி, பிளேட் சுத்து நின்னப்புறம் போடுங்க. பத்து வினாடி நின்னும் கரகரனா சொல்லுங்க, அப்ப பைலட் புஷ்ஷை (கிராங்க் முனையில கியர்பாக்ஸ் தண்டைத் தாங்குறது) பார்ப்போம்.

#24 கோரிப்பாளையம்_ஹெரால்டு

நாலு எண்ணிப் போட்டேன், சத்தமே இல்லை அண்ணே. பாட்டிலில் கால் லிட்டர் மிச்சம் இருக்கு. இறுக்கி மூடி வச்சுக்கலாமா?

#25 லேத்துப்பட்டறை (கே.புதூர்)

ஒரு மாசத்துக்கு டப்பாவை நிரப்ப வச்சுக்கங்க, அதுக்கப்புறம் வேண்டாம். திறந்த பாட்டில் மூடியிருந்தாலும் ஈரம் இழுக்கும். மேல தேதியையும் ‘கிளட்ச் ஆயில்’னும் எழுதி வைங்க, ஊத்துற எண்ணெய்னு நினைச்சு யாரும் இன்ஜின்ல ஊத்திடப் போறாங்க.